அகதிகள் தடை: விமான நிலையப் போராட்டத்துக்குப் போய் வந்தாயிற்று, அடுத்து என்ன செய்யலாம்?

செந்தில் (ஆல்ஃபரெட்டா), 5 பிப்ரவரி 2017

எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை அட்லாண்டா விமான நிலையத்தில் நடந்த போராட்டத்துக்கு நானும் போயிருந்தேன். காலேஜில் ஸ்ட்ரைக் என்றாலே விடுதிக்குப் போய்த் தூங்குகிற ஆள் நான். என்னை இழுத்துக்கொண்டு போனவர் எங்கள் டீமில் இருக்கும் ஈரானியப் பெண். ஏப்ரலில் அவருக்குப் பிரசவம். உதவிக்கு அம்மா மார்ச்சில் வருவதாக இருந்தது, விசாகூட கையில் இருந்தது. ஜனவரி 27, வெள்ளிக்கிழமை மாலை டிரம்ப் பயணத் தடை உத்தரவில் கையெழுத்துப் போட்டார், எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. ஈரான், இராக், சிரியா, ஏமன், லிபியா, சோமாலியா, சூடான் ஆகிய ஏழு நாட்டுக்காரர்களும் 90 நாளைக்கு வரக் கூடாது. அகதிகள் எந்த நாட்டவரானாலும் 120 நாளைக்கு நிறுத்தம். சிரியா அகதிகளுக்கு மட்டும் தேதியே இல்லை.

விமான நிலையத்தில் நல்ல கூட்டம். முந்தின நாள் சனிக்கிழமை எங்கள் ஊர் காங்கிரஸ் உறுப்பினர் ஜான் லூயிஸே நேரில் வந்து, பிடித்து வைத்திருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று அதிகாரிகளிடம் கேட்டு, பதில் வரும்வரை தரையில் உட்கார்ந்துவிட்டாராம். ஞாயிறு நாங்களும் கத்தினோம், அட்டை பிடித்தோம், போட்டோ எடுத்தோம், வீட்டுக்கு வந்தோம். "சரி, இதனால அந்தம்மா வந்துருவாங்களா?" என்று என் மனைவி கேட்டாள். சொல்ல ஒன்றும் இல்லை.

அன்றிரவே, மக்கள் உரிமைகளுக்காக வழக்குப் போடும் ஏசிஎல்யு அமைப்புக்குக் கொஞ்சம் பணம் அனுப்பினோம். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. பழைய துணி, பொம்மை, ஒரு மெத்தை எல்லாம் கராஜில் கட்டி வைத்திருக்கிறேன், அகதிகளுக்குக் கொடுக்கலாமா? எங்கே கொடுப்பது? நான் இருப்பது எச்1பி வேலை விசாவில். இதில் எல்லாம் கலந்துகொண்டால் பின்னால் சிக்கல் வருமா? சனிக்கிழமைகளில் நேரம் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*

ராஜகோபால் (ஜான்ஸ் க்ரீக்)

செந்தில், மனசில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்தியா அந்தப் பட்டியலிலேயே இல்லை. நாம் வந்த வேலையைப் பார்ப்போம். கிரீன் கார்டு வரிசையில் 2010இலிருந்து நின்றுகொண்டிருக்கிறேன். வரி கட்டுகிறேன், ஒரு டிராஃபிக் டிக்கெட் வாங்கியதில்லை. அகதி என்று வருகிறவருக்கு ஒரே வருடத்தில் கிரீன் கார்டு. இது நியாயமா? யார் வருகிறார்கள் என்று 120 நாள் நின்று பார்க்கிறோம் என்று ஒரு அரசாங்கம் சொன்னால் அதில் என்ன தப்பு? நாளைக்கு ஏதாவது குண்டு வெடித்தால் இதே ஜனங்கள்தான் ஏன் சரியாகப் பார்க்கவில்லை என்று கேட்பார்கள்.

*

வித்யா (டன்வுடி)

நான் வக்கீல் கிடையாது, வக்கீல் ஆபீஸில் விசா காகிதங்கள் பார்க்கிறவள். அந்த அளவுக்குச் சொல்கிறேன்.

அமைதியாகக் கூட்டத்தில் நிற்பதற்கு எச்1பி தடை கிடையாது. பேச்சுரிமை குடிமக்களுக்கு மட்டும் என்று அரசியலமைப்பில் இல்லை. ஆனால் கைது என்பது வேறு விஷயம். கேஸ் தள்ளுபடி ஆனாலும், அடுத்த தடவை விசா முத்திரைக்குப் போகும்போது எப்போதாவது கைதானதுண்டா என்று டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம் கேட்கும், உண்டு என்றுதான் எழுத வேண்டும். அதனால் போலீஸ் கலைந்து போகச் சொன்னால் கலைந்துவிடுங்கள். சாலை மறியல் எல்லாம் குடியுரிமை உள்ளவர்கள் செய்யட்டும். லாப நோக்கமில்லாத அமைப்பில் சம்பளம் வாங்காமல் தொண்டு செய்வதில் தப்பே இல்லை.

ராஜகோபால் சாருக்கு ஒன்று. இந்தியா பட்டியலில் இல்லை, சரி. ஆனால் அதே உத்தரவின் எட்டாம் பிரிவு, நேர்காணல் இல்லாமல் விசா புதுப்பிக்கும் வசதியை நிறுத்தியிருக்கிறது. நம் ஆட்கள் டிராப்பாக்ஸ் என்போமே, அதில்தான் கை வைத்திருக்கிறார்கள். இந்தக் கோடையில் சென்னை போய் முத்திரை வாங்க நினைப்பவர்கள் இரண்டு வாரம் கூடுதலாக லீவு கேட்டு வையுங்கள்.

*

மீனாட்சி (ஸ்டோன் மவுண்டன்)

தம்பி செந்தில், முதலில் அந்தக் கராஜ் விஷயம். தயவுசெய்து கொண்டு வராதீர்கள். ஒரு வாரமாக எல்லோரும் அலமாரியைக் காலி செய்துகொண்டிருக்கிறார்கள், அகதிகளை இங்கே குடிவைக்கும் மறுகுடியமர்வு அலுவலகத்தின் நடைபாதையில் நடக்க இடமில்லை. துணியைப் பிரித்து அடுக்குவதற்கே இரண்டு பேர் வேண்டும், அந்த இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை வேறு. பழைய மெத்தையை யாருமே வாங்க மாட்டார்கள், மூட்டைப்பூச்சி பயம். பொம்மையை, பழைய சாமான் வாங்கிக்கொள்ளும் குட்வில் கடையில் போட்டுவிடுங்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. மதுரையில் டீச்சராக இருந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். 2009 வாக்கில் பூட்டான் குடும்பங்கள் நிறைய வரத் தொடங்கியபோது, ஹிந்தி தெரிந்தவர் யாராவது வர முடியுமா என்று கோயிலில் கேட்டார்கள். நம்முடையது ரயில் ஹிந்தி, இருந்தாலும் போனேன். இந்துக்கள், நேபாளி பேசுகிறவர்கள், 1990களில் பூட்டான் தன் தெற்குப் பக்கத்திலிருந்து துரத்திவிட்ட மக்கள், பதினைந்து இருபது வருடம் நேபாளத்து முகாமில் மூங்கில் குடிசையில் இருந்தவர்கள். அகதி என்றாலே ஏதோ ஒரு முகம் நம் ஆட்களுக்குத் தோன்றுகிறதே, அதனால் சொல்கிறேன்: எனக்குத் தெரிந்த முதல் அகதி நெற்றி நிறையக் குங்குமம் வைத்த ஒரு பாட்டி. வீட்டில் சோபா இருக்கிறதா என்று பார்க்கவேயில்லை. குக்கர் எங்கே என்றுதான் கேட்டார்.

அகதிகள் நிறையக் குடியிருக்கும் கிளார்க்ஸ்டன் உங்கள் ஊரிலிருந்து கூட்டம் இல்லாத நேரத்தில் 40 நிமிடம். மொத்தமே பதின்மூன்றாயிரம் பேர் இருக்கும் ஊர். வாடகை மலிவான அடுக்ககங்கள், பக்கத்தில் அட்லாண்டா நகர ரயிலான மார்ட்டாவின் கடைசி ஸ்டேஷன். இந்த இரண்டையும் பார்த்துத்தான் 80, 90களிலிருந்து அகதிகளை அங்கே குடிவைத்தார்கள். வியட்நாம், போஸ்னியா, சோமாலியா, பர்மா, காங்கோ, இப்போது சிரியா. உலகத்தில் எங்கே சண்டை நடந்தது என்று அந்த ஊர்ப் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஒரு குடும்பம் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் உதவி எங்கே தேவை என்று புரியும். ஐ.நா. அகதிகள் ஆணையம் பெயரைப் பரிந்துரைக்கிறது. அமெரிக்க அதிகாரி அந்த நாட்டுக்கே போய் நேரில் உட்கார்ந்து விசாரிக்கிறார். எஃப்பிஐ, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, வெளியுறவுத் துறை, பயங்கரவாதத் தடுப்பு மையம் எல்லோரும் அலசுகிறார்கள். சாதாரணமாக ஒன்றரை வருடத்திலிருந்து இரண்டு வருடம். இதில் வெளியில் அதிகம் பேசாத ஒன்று உண்டு. பாதுகாப்புச் சோதனை, மருத்துவச் சோதனை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காலாவதித் தேதி இருக்கிறது. மருத்துவச் சோதனை ஆறு மாதம், காசநோய்த் தடயம் இருந்தால் மூன்றே மாதம். எல்லாச் சான்றும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும் சின்ன இடைவெளியில்தான் விமானம் ஏற முடியும். ராஜகோபால் சார், 120 நாள் "நின்று பார்ப்பது" என்றால் காகிதம் பத்திரமாக அலமாரியில் காத்திருக்கும் என்று நினைக்காதீர்கள். ஒன்று காலாவதியானால் அதை மறுபடி எடுக்க வேண்டும், அது கைக்கு வருவதற்குள் இன்னொன்று போய்விடும். பலருக்கு நாலு மாதம் என்பது ஒன்றரை வருடமாகிவிடும்.

ஜனவரி 31 அன்று ஜோர்டானில் உள்ள அம்மான் நகரத்திலிருந்து ஒரு சிரியாக் குடும்பம் வருவதாக இருந்தது. அப்பா, அம்மா, நாலு பிள்ளைகள். வீடு பார்த்து, முன்பணம் கட்டி, சாமான் இறக்கியாயிற்று. இதற்கெல்லாம் அரசாங்கமே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது: ஆளுக்கு ஒரு நாற்காலி, ஆளுக்கு ஒரு ஸ்பூன், அறைக்கு ஒரு விளக்கு, துடைப்பம், ஒரு அலாரம் கடிகாரம். இந்தக் காலத்தில் அலாரம் கடிகாரம் யாருக்கு என்று கேட்காதீர்கள், பட்டியலில் இருந்தால் வாங்கி வைக்க வேண்டும். வந்து இறங்கும் ராத்திரி அவர்கள் ஊர்ப் பழக்கத்துக்கு ஏற்ற சாப்பாடு தயாராக இருக்க வேண்டும் என்பதும் விதிதான். எனக்குப் பிடித்த விதி அது ஒன்றுதான், சமையல் பெரும்பாலும் என் பொறுப்பு. இந்தக் குடும்பத்துக்கு ஹலால் கோழி வாங்கி ஃப்ரீசரில் வைத்திருந்தேன். டிக்கெட் ரத்து. ஊரில் இருந்த கொஞ்சநஞ்ச சாமானையும் விற்றுவிட்டார்கள், இருந்த வாடகை வீட்டையும் காலி செய்துவிட்டார்கள், இப்போது சொந்தக்காரர் வீட்டுத் திண்ணை மாதிரி ஓர் இடத்தில் ஆறு பேர். வெள்ளிக்கிழமை சியாட்டிலில் நீதிபதி ரோபார்ட் தடையை நிறுத்தி வைத்தாரே, அதனால் மறுபடி டிக்கெட் போட முயற்சி நடக்கிறது. கதவு எத்தனை நாள் திறந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும். அரசாங்கம் அப்பீலுக்குப் போய்விட்டது.

இப்போது பணம் பற்றி. ஏசிஎல்யுவுக்குக் கொடுத்தது வீண் போகவில்லை. 28ஆம் தேதி ராத்திரி புரூக்ளினில் நீதிபதி டான்னெலி, விமான நிலையத்தில் பிடித்து வைத்தவர்களைத் திருப்பி அனுப்பாதே என்று சொன்னது அவர்கள் போட்ட வழக்கில்தான். அந்த வழக்கில் முதல் பெயர், இராக்கில் அமெரிக்கப் படைக்கே மொழிபெயர்ப்பாளராக இருந்த ஹமீத் காலித் தர்வீஷ். ஆனால் அந்த வாரக்கடைசி மட்டும் ஏசிஎல்யுவுக்கு 2.4 கோடி டாலர் வந்திருக்கிறது. கிளார்க்ஸ்டன் பக்கத்து அலுவலகங்களுக்கு வந்தது பழைய துணி.

அந்த அலுவலகங்களின் வருமானம் தலைக்கணக்கு. வந்து சேரும் ஒவ்வோர் அகதிக்கும் வெளியுறவுத் துறை ஒரே ஒரு முறை இரண்டாயிரம் டாலர் போலக் கொடுக்கும். அதில் பாதிக்கு மேல் அந்தக் குடும்பத்தின் வாடகைக்கும் சாமானுக்கும் போகும், மிச்சம்தான் அலுவலகச் செலவு. முதல் 90 நாளில் சோஷியல் செக்யூரிட்டி அட்டை, பள்ளிச் சேர்க்கை, மருத்துவப் பரிசோதனை, ஆங்கில வகுப்பு, வேலை தேடல் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். ஆள் வராவிட்டால் பணமும் வராது. பணம் வராவிட்டால் அரபியும் சுவாஹிலியும் தெரிந்த அந்த ஊழியர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். அப்போது கஷ்டப்படப் போகிறவர்கள் போன அக்டோபரிலும் நவம்பரிலும் வந்து இறங்கிய குடும்பங்கள். தடையை நீதிமன்றம் நிறுத்தினாலும் இது தீராது. ஒபாமா இந்த வருடத்துக்கு 1,10,000 அகதிகள் என்று வைத்திருந்ததை இந்த உத்தரவு 50,000 ஆக்கியது. சியாட்டில் தீர்ப்பு அந்த எண்ணைத் தொடவில்லை. ஏற்கெனவே 32,000 பேர் வந்தாயிற்று, நிதியாண்டு முடிய செப்டம்பர் வரை இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதனால் நான் கேட்பது இதுதான். ஐஆர்சி, நியூ அமெரிக்கன் பாத்வேஸ், வேர்ல்ட் ரிலீஃப், லூத்தரன் சர்வீசஸ், கேத்தலிக் சாரிட்டீஸ் என்று அகதிகளைக் குடிவைக்கும் அமைப்புகள் எல்லாவற்றுக்கும் இந்தப் பக்கம் அலுவலகம் உண்டு. ஏதாவது ஒன்றைப் பிடித்து, இருபது டாலரானாலும் மாதாமாதம் போகும்படி செய்யுங்கள். இந்த வாரம் ஐந்நூறு கொடுத்துவிட்டு அடுத்த வாரம் மறப்பதைவிட அது மேல், அதை வைத்து அவர்கள் ஓர் ஆளை வேலையில் வைத்திருக்க முடியும். நீங்கள் கொடுக்கும் அளவு உங்கள் கம்பெனியும் ஈடாக நன்கொடை தருகிறதா என்று பாருங்கள், ஐடி கம்பெனிகள் பலவற்றில் உண்டு, நம் ஆட்கள் அந்தப் படிவத்தை நிரப்புவதே இல்லை.

சனிக்கிழமை இருக்கிறது என்றீர்களே, துணியைவிட எனக்கு அதுதான் வேண்டும். கார் ஓட்டத் தெரிந்த ஆள் கிடைத்தால் போதும். இந்த ஊரில் கார் இல்லாமல் ஒன்றும் நடக்காது. பலருக்கு முதல் வேலை கெய்ன்ஸ்வில் பக்கத்துக் கோழி இறைச்சி ஆலைகளில், விடிவதற்கு முன் வேனில் கிளம்பினால் திரும்ப இருட்டிவிடும். அதற்கிடையில் டாக்டர், டிரைவிங் லைசென்ஸ், ஃபுட் ஸ்டாம்ப் என்ற உணவு உதவி அலுவலகம். இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரியாது. இங்கே வந்த விமான டிக்கெட் அகதிக்கு இலவசமில்லை. ஐஓஎம் என்ற சர்வதேச இடம்பெயர்வு அமைப்பு கொடுக்கும் கடன், வட்டி மட்டும் கிடையாது. ஏறும் முன்னாலேயே கையெழுத்து வாங்கிவிடுவார்கள், வந்த ஆறாம் மாதத்திலிருந்து தவணை கட்ட வேண்டும். ஆறு பேர் குடும்பம் என்றால் பல ஆயிரம் டாலர் கடனோடுதான் அமெரிக்காவில் காலை வைக்கிறது. ராஜகோபால் சார் வரி கட்டுவதைச் சொன்னார், அவர்களும் கட்டுவார்கள், கூடவே இதையும்.

கிரீன் கார்டு வரிசை பற்றியும் சொல்லிவிடுகிறேன் சார். உங்கள் வரிசை நீளமாக இருப்பதற்குக் காரணம் வேலைவழிக் கார்டு வருடத்துக்கு 1,40,000 என்பதும், அதில் எந்த நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்பதும். அகதிகள் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. நாளைக்கே ஒரு அகதிகூட வராவிட்டாலும் உங்கள் தேதி ஒரு நாள் நகராது. உங்கள் வருத்தம் நியாயமானது, ஆனால் அதற்குக் காரணம் கிளார்க்ஸ்டனில் இல்லை.

தடையை ஆதரிப்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். ராய்ட்டர்ஸ் இப்சோஸ் கருத்துக்கணிப்பில் 49 சதவீதம் ஆதரவு, 41 எதிர்ப்பு. அந்த 49இல் என் பக்கத்து வீட்டு அம்மாவும் உண்டு, வாசலில் டிரம்ப் பலகை இன்னும் நிற்கிறது. போன வருடம் ஒரு காங்கோக் குடும்பத்துக்கு அவர் கொடுத்த சாப்பாட்டு மேசையை அவர் கணவர்தான் டிரக்கில் ஏற்றிக்கொண்டு வந்து இரண்டு மாடி தூக்கினார். கேட்டால் "அவங்க வேற" என்கிறார். நான் விவாதம் பண்ணுவதில்லை, அடுத்த மேசையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

வந்த எதிர்ப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது புரூக்ளின் ஏமன்காரர்கள் செய்தது. பிப்ரவரி 2 மத்தியானம் 12 மணிக்கு, நியூயார்க்கில் ஆயிரம் மளிகைக் கடைகள் போல ஷட்டரை இறக்கின. 24 மணி நேரமும் திறந்திருக்கும் கடைகள் அவை. புரூக்ளின் நிர்வாக அலுவலகமான பரோ ஹால் வாசலில் ஆயிரக்கணக்கானோர் கூடி, அங்கேயே மாலைத் தொழுகை நடத்திவிட்டு, எட்டு மணிக்குப் போய்க் கடையைத் திறந்தார்கள். காலையில் காப்பி விற்கிறவர் யார் என்று அன்றைக்குத்தான் அந்த ஊரில் பாதிப்பேர் கவனித்திருப்பார்கள். கென்னடி விமான நிலையத்தில் டாக்சி ஓட்டுநர்கள் 28ஆம் தேதி ஒரு மணி நேரம் சவாரி எடுக்காமல் நின்றதும் அப்படித்தான். அதில் நம் துணைக்கண்டத்து ஆட்கள் நிறைய.

*

குலம் (ஸ்காபரோ, கனடா)

மீனாட்சி அக்கா சொன்ன பிறகு நான் கதைக்க அதிகம் இல்லை. இருந்தாலும் கனடாப் பக்கத்து அனுபவம் கொஞ்சம் வேறு என்பதால் எழுதுகிறேன்.

1986 ஆகஸ்டில் எங்கட இலங்கைத் தமிழ்ச் சனம் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் மிதந்தார்கள். மீன்பிடிக்கப் போனவர்கள்தான் கண்டு ஏற்றினார்கள். அந்த மீனவர்கள் போர்வையும் சாப்பாடும் கொடுத்ததை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறோம், ஆனால் அதே கிழமை பத்திரிகைகளுக்குக் "திருப்பி அனுப்பு" என்று கடிதம் எழுதிய ஆட்களும் கனபேர். 2010இல் சன் சீ கப்பலில் 492 பேர் வந்து இறங்கினபோது நிலைமை அதைவிட மோசம், பிள்ளைகளோடு வந்த தாய்மாரைக்கூட மாதக்கணக்கில் தடுப்பில் வைத்திருந்தது. அதனால் கனடா என்றால் சொர்க்கம் என்று அங்கே யாரும் நினைக்க வேண்டாம்.

இங்கே உள்ள நல்ல விசயம், சாதாரண ஆட்களே ஒரு குடும்பத்தைப் பொறுப்பெடுக்கலாம். வியட்நாம் ஆட்கள் வந்த 1979, 80 காலத்தில் பெரிதாக வளர்ந்த முறை. ஐந்து பேர் சேர்ந்தால் போதும். இல்லையென்றால் ஒப்பந்தம் உள்ள ஒரு தேவாலயம் மூலமாகச் செய்யலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஒரு வருசத்துக்கு வீடு, சாப்பாடு, உடுப்பு எல்லாம் எங்கள் பொறுப்பு, நாலு பேர் குடும்பத்துக்கு 27,000 டாலர் கையில் காட்ட வேண்டியிருந்தது. கோயிலில் ஒரு நாள் அன்னதானக் காசு, இரண்டு கடைக்காரர், மிச்சம் நாங்கள் ஐந்து பேரும். அலெப்போவிலிருந்து வந்த குடும்பம், போன மார்ச்சில் வந்து இறங்கினார்கள்.

எங்களுக்கு இப்ப இருக்கிற யோசனை பதின்மூன்றாம் மாதம். பன்னிரண்டு மாதம் முடிந்தால் எங்கள் கடமை சட்டப்படி முடிந்தது, ஆனால் தகப்பனுக்கு இன்னும் பாசை வரவில்லை, ஒரு பேக்கரியில் அரை நேர வேலை. அங்கே உங்கட 90 நாள் கணக்கைக் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. செந்தில் தம்பி, ஒரு குடும்பத்தைப் பிடித்தால் ஒரு கிழமைக்கு ஓடித்திரிந்துவிட்டு விட வேண்டாம். கிழமைக்கு ஒருக்கால் என்றாலும் ஒரு வருசம் போங்கோ.

இன்னொன்று. உங்கள் பக்கத்தில் யாராவது பயந்துபோய்க் கனடாவுக்கு நடந்து வர யோசித்தால், முதலில் ஒரு வக்கீலிடம் கதைக்கச் சொல்லுங்கோ. முறையான எல்லைச் சாவடியில் வந்து கேட்டால், இரண்டு நாட்டுக்கும் உள்ள ஒப்பந்தத்தைக் காட்டி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்புவார்கள். அதனால்தான் சனம் சாவடியைத் தவிர்த்து, மனிடோபா எல்லையோரத்து எமர்சன் பக்கம் பனிவயலுக்குள்ளால் வருகிறது. நத்தாருக்கு (கிறிஸ்துமஸ்) முதல் நாள் இரவு வந்த கானாக்காரர் இருவர் குளிரில் கைவிரல்களை இழந்தார்கள்.

*

செந்தில் (ஆல்ஃபரெட்டா)

மீனாட்சி அக்கா, வித்யா, குலம் அண்ணன், எல்லோருக்கும் நன்றி. கராஜ் பைகள் குட்வில்லுக்குப் போய்விட்டன. மாதாமாதம் அனுப்புவதற்கும் பதிவு செய்துவிட்டேன், கம்பெனி அதே அளவு போடுகிறதாம், ஆறு வருடமாக இதே கம்பெனியில் இருந்தும் எனக்குத் தெரியாது. என் மனைவிக்குச் சமையலில் உதவ ஆசை, ஆனால் அவர்கள் சாப்பாடு நமக்குச் செய்யத் தெரியாதே என்று தயங்குகிறாள். அப்புறம், நேரில் போனால் என்ன பேசுவது, குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா என்றும் கேட்கச் சொன்னாள்.

*

மீனாட்சி (ஸ்டோன் மவுண்டன்), 18 பிப்ரவரி

தாமதத்துக்கு மன்னிக்கவும் தம்பி, இரண்டு வாரமாக வீட்டில் இருக்கும் நேரமே குறைவு. 9ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றமும் தடைக்கு உயிர் கொடுக்க மறுத்துவிட்டதால், நின்றுபோன விமானங்களில் சில திரும்பக் கிளம்பியிருக்கின்றன. அம்மான் குடும்பத்துக்குப் புதுத் தேதி இன்னும் வரவில்லை. பெரிய பையனுடைய மருத்துவச் சான்று மறுபடி எடுக்க வேண்டியிருக்கிறதாம். நான் முன்னால் பயந்தது நடந்தும் விட்டது. வேர்ல்ட் ரிலீஃப் நாடு முழுக்க 140 பேருக்கு மேல் வேலையை விட்டு அனுப்புகிறது, மயாமி, நாஷ்வில் உட்பட ஐந்து ஊர் அலுவலகங்களை மூடுகிறது. இத்தனைக்கும் போன வாரம்தான் அவர்கள் முயற்சியில், நூறு கிறிஸ்தவத் தலைவர்கள் அகதிகளை வரவிடுங்கள் என்று வாஷிங்டன் போஸ்ட்டில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்கள். அட்லாண்டா கிளை தப்பித்தது.

சமையலுக்கு வருகிறேன். பூட்டான், பர்மா குடும்பங்களுக்குச் சோறும் பருப்பும் காரமும் போதும், உங்கள் வீட்டம்மா கண்ணை மூடிக்கொண்டு செய்வார். பருப்பில் சாம்பார்ப் பொடி போடாமல் விடச் சொல்லுங்கள், அந்த வாசனை அவர்களுக்குப் பழக்கமில்லை. காங்கோக்காரர்களுக்குச் சோறு, பீன்ஸ், கீரை. அரபுக் குடும்பங்களுக்கு இறைச்சி ஹலால் கடையில்தான் வாங்க வேண்டும், ரசீதைக் கவரோடு வைத்துவிட்டால் கேட்காமலே புரிந்துகொள்வார்கள். சந்தேகம் என்றால் அந்தக் குடும்பத்தைக் கவனிக்கும் அலுவலக ஊழியரிடம் கேளுங்கள், சொந்தமாக யோசிக்க வேண்டாம். இரண்டு நாள் பயணம் செய்து வருகிறவர்கள் அன்று ராத்திரி அதிகம் சாப்பிடவும் மாட்டார்கள். மறுநாள் காலைக்குப் பால், ரொட்டி, முட்டை, டீத்தூள், சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள். தொண்டர்கள் டீத்தூள் வைப்பார்கள், சர்க்கரையை மறந்துவிடுவார்கள். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்.

என்ன பேசுவது என்றால், போர் பற்றிக் கேட்காதீர்கள். எப்படித் தப்பித்தீர்கள், யார் யார் செத்துப்போனார்கள் என்பதெல்லாம் விசாரணை அதிகாரியிடம் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தவர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அடுப்பு எப்படிப் பற்றவைப்பது, புகை அலாரம் கத்தினால் என்ன செய்வது, 911 என்றால் என்ன, குப்பை எந்தக் கிழமை, இதைப் பேசினாலே முதல் நாள் போய்விடும். போட்டோ எடுக்காதீர்கள், பிள்ளைகளை நிச்சயமாக எடுக்காதீர்கள். ஊரில் மிச்சமிருக்கும் சொந்தக்காரர்களை யாராவது தேடி வந்துவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு உண்டு, உங்கள் ஃபேஸ்புக் பக்கத்துக்கு அது தெரியாது.

குழந்தைகளைத் தாராளமாகக் கூட்டி வாருங்கள், ஆனால் முதல் தடவை வேண்டாம். இரண்டாம் தடவையிலிருந்து, கையில் ஒரு பந்தோடு. அலுவலகத்தில் பின்னணிச் சோதனையும் ஒரு பயிற்சி வகுப்பும் முடிக்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். ஜனவரிக்குப் பிறகு பதிவு செய்த ஆட்கள் அதிகம் என்பதால் வரிசை இருக்கிறது. வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் ஏராளம், நீங்கள் போகாதீர்கள்.

காத்திருக்கும் நாளில் ஒன்று செய்யலாம். உங்களிடம் கூடுதலாக கார் சீட், பூஸ்டர் சீட் இருக்கிறதா? இந்த மாநிலத்தில் எட்டு வயதுக்குள் பிள்ளை என்றால் அது இல்லாமல் காரில் ஏற்ற முடியாது. அடியில் ஒட்டியிருக்கும் தேதி முடியாமல், விபத்தில் அடிபடாமல் இருக்க வேண்டும். அந்த அடுக்ககத்தில் நாலு அம்மாக்கள் அதற்காகவே தடுப்பூசிக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு கிடைத்தாலும் போதும், தனிச்செய்தியில் சொல்லுங்கள், ஆல்ஃபரெட்டா பக்கம் வரும்போது நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். ராஜகோபால் சார், உங்கள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்தானே, உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்க வேண்டுமே?

*

ராஜகோபால் (ஜான்ஸ் க்ரீக்)

ஒன்று இருக்கிறது. தேதி 2019 வரை போட்டிருக்கிறது. என் கருத்தில் மாற்றம் இல்லை. சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன், வந்து எடுத்துக்கொள்ளலாம்.